தரங்கம்பாடியில் மூன்று கேமரா, ஒரு படி அரிசி!

விடிகாலை நாலரை மணி. மயிலாடுதுறையில் மச்சினன் வீட்டு வாசலில் பைக் உறுமிக்கொண்டிருக்கிறது. பின் ஸீட்டில் நான். மடியில் ஒரு பை, தோளில் ஒரு பை, முதுகில் ஒரு பை. மூன்றிலுமாகச் சேர்த்து ஏறக்குறைய ஆறு லட்ச ரூபாய் சரக்கு. எல்லாம் வாடகை! ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் நாங்கள் கட்டிய டெபாஸிட் என் அடிவயிற்றில் ஒருமுறை எம்பிக் குதித்து உட்கார்ந்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க அத்தான்!"

"எதைடா? உன்னையா, கேமராவையா?"

"கேமராவை!"

அக்கா புருஷன் மேல் என்ன பாசம் பாருங்கள்!

மச்சினன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பத்துக்குப் பத்து அறை, ஒரு கம்ப்யூட்டர், அதை விடப் பெரிய போர்டு. ஆடி மாசம் என்பதால் வேலை இல்லை. நாதஸ்வரக்காரர், சமையல்காரர், வீடியோக்காரர் மூன்று பேரும் மதியம் தூங்குகிற ஒரே மாசம் அதுதான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் ஒரு புது மிரர்லெஸ் கேமரா வாங்கியாக வேண்டும் என்று ரெண்டு லட்ச ரூபாய் கடனுக்கு மனுப் போட்டிருந்தான். ஜாமீன் கையெழுத்து? இந்த பி.காம்.தான். நம் குடும்பங்களில் பி.காம். படித்தவனுக்கு இன்கம்டாக்ஸும் தெரியும், எல்.ஐ.சி.யும் தெரியும், சீட்டுக் கம்பெனி எப்போது ஓடும் என்பதும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. கேமராவும் தெரியும் என்று சேர்த்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போட்டவன் என்ற உரிமையில் நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். "கடைக்காரன் சொல்றதைக் கேட்டு வாங்காதே. முதல்ல வாடகைக்கு எடுத்துப் பாரு."

"பார்க்கலாம் அத்தான். ஆனா கடையில வெச்சுப் பார்க்கக் கூடாது. ஏ.ஸி. ரூம்ல, எல்.இ.டி. லைட்ல, அசையாம நிக்கிற பொம்மைக்கு எந்த கேமராவும் ஃபோகஸ் பண்ணிடும். தரங்கம்பாடிக்குப் போவோம்."

அதனால்தான் இந்தப் பயணம். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். திருக்கடையூரில் அந்த நேரத்துக்கே அறுபதாம் கல்யாணக் கூட்டம். வேன்களிலிருந்து பட்டுப் புடவைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆடி மாசத்திலும் வேலை இருக்கிற வீடியோக்காரர்களை இங்கேதான் பார்க்க முடியும். மச்சினன் பெருமூச்சு விட்டான். பைக் ஒரு குலுங்கு குலுங்கியது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருஷம் முன்பு என் தங்கை கல்யாணம். வீடியோ நம்ம மச்சினன்தான், சொந்தக்காரன் ரேட்டில். கையில் அப்போது ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். எல்லாம் அமர்க்களமாகப் போயிற்று. கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். நாலா பக்கமிருந்தும் அட்சதை பறந்தது. கேமராவுக்கு என்ன தோன்றியதோ, மாப்பிள்ளையை விட்டுவிட்டு அட்சதையைத் துரத்த ஆரம்பித்தது! ஒரு அரிசியைப் பிடிப்பதற்குள் அது கீழே விழ, அடுத்த அரிசி, அதற்கடுத்த அரிசி... கடைசியில் அலுத்துப்போய்ப் பின்னால் தொங்கிய சீரியல் செட்டில் போய் நின்றுகொண்டது. பதினோரு விநாடி. அந்த வீடியோவைப் பார்த்தால் போட்டது பொன்னி அரிசிதான் என்று சத்தியம் பண்ணலாம். தாலி கட்டியது யார் என்று சொல்ல முடியாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயர் 'பொன்னி டைரக்டர்'. பெயர் வைத்தது நான்தான்.

கேமராவின் பேரில் முழுப் பழியையும் போடுவது தப்பு என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடி சாய்வாக இருக்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது கொஞ்சம் நம் கண்ணுக்கும் கொஞ்சம் ஃபோகஸ் பார்க்கிற தனி சென்ஸாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். வீடியோ எடுக்க வேண்டுமானால் அந்தக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். தூக்கிக்கொண்டால் ஃபோகஸ் சென்ஸாருக்கு வெளிச்சமே கிடையாது... குருடு! பிறகு கேமரா என்ன செய்யும்? படம் எப்போது தெளிவாகிறது என்று லென்ஸை முன்னும் பின்னும் தள்ளித் தடவிப் பார்க்கும். பழைய ரேடியோவில் சிலோன் ஸ்டேஷன் பிடித்திருக்கிறீர்களா? குமிழைத் திருகுவோம், பாட்டு தெளிவாகும், இன்னும் கொஞ்சம் திருகினால் கொர்ர்ர் என்று போய்விடும், மறுபடி பின்னால் வருவோம். அதே சமாசாரம்தான். தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் சரியான இடம் எது என்று அதற்குத் தெரியும். வீடியோக்காரர்கள் இதை 'ஹன்ட்டிங்' என்கிறார்கள். படம் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும்.

நிக்கான் டி90-ம், கேனன் 5டி மார்க் டூ-வும் 2008ல் வந்து, டி.எஸ்.எல்.ஆரில் வீடியோ என்பதைத் தொடங்கிவைத்தன. அதே வருஷம் பானஸோனிக் ஜி1 என்ற கேமரா கண்ணாடியையே கழற்றி எறிந்துவிட்டு வந்தது. முதல் மிரர்லெஸ். ஆனால், கண்ணாடி போனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆரம்ப காலத்து மிரர்லெஸ் பலவும் இதே ரேடியோ திருகல்தான். படம் பிடிக்கிற சென்ஸாருக்குள்ளேயே ஃபோகஸ் பார்க்கிற வித்தையைப் புகுத்திய பிறகுதான் விமோசனம். கேனன் 2013ல் 70டி-யில் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிளந்து வைத்தார்கள். நம் இரண்டு கண் மாதிரி! இரண்டிலும் விழுகிற பிம்பம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தாலே, லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று தெரிந்துவிடும். தடவல் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் விலாசம் கேட்டால், 'நேராப் போய் லெஃப்ட்ல நாலாவது வீடு' என்று சொல்வார்களே, அந்த மாதிரி. இதற்குப் பெயர் ஃபேஸ் டிடெக்ஷன். இந்த 'ஃபேஸ்' முகம் அல்ல. முகத்தைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே மாதிரி பெயர் வைத்த புண்ணியவானை நான் சந்தித்தால் ரெண்டு வார்த்தை கேட்கவேண்டும்.

சரி, தரங்கம்பாடிக்கு வருவோம்.

தரங்கம் என்றால் அலை. பெயருக்கு ஏற்ற ஊர். ஊர் வாசலில் வெள்ளை வெளேரென்று ஒரு கோட்டைவாசல், 1792ல் கட்டியது. அதைத் தாண்டினால் நேரே ராஜா வீதி. ஒரு பக்கம் 1701ல் கட்டிய ஸயன் சர்ச், எதிரே 1718ல் கட்டிய புது எருசலேம் சர்ச். வீதி முடிகிற இடத்தில் மைதானம், டேனிஷ்காரர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை, அப்புறம் கடல். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் 1620ல் இடம் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். 1706ல் சீகன்பால்கு இங்கே வந்து இறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை 1715க்குள் அச்சிட்டே முடித்துவிட்டார். 1845ல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்து ஸெராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். இருநூற்றிருபத்தைந்து வருஷம் உபயோகித்த பொருளுக்கு டிப்ரிஸியேஷன் எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

"அத்தான், சரித்திரம் அப்புறம். சூரியன் வருது!"

கோட்டைக்கு வடக்கே, அலை ஓரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலம், 1306. பாதியைக் கடல் விழுங்கிவிட்டது. 2004 சுனாமியையும் பார்த்துவிட்டு மிச்சம் நிற்கிறது. அதன் முன்னால் என்னை நிறுத்தினான், முதுகுக்குப் பின்னால் சூரியன், முகம் கறுப்பு.

கேமராக்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வாடகைக்கு வந்த ஒரே ஒரு பாடியையும் ஒரே ஒரு லென்ஸையும் வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியையே எடை போடுவது நியாயமில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி பெரியவன், நடுவுளவன், கடைக்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவன் லென்ஸ் இல்லாமலே ரெண்டே கால் லட்சம். நடுவுளவன் ஒன்று நாற்பது. கடைக்குட்டி செகண்ட்ஹேண்டில் தொண்ணூறாயிரத்துக்கு வருகிறது. மூன்றுக்கும் ஐம்பது எம்.எம். லென்ஸ், எஃப் 1.8. பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவு இலை போடுகிற மாதிரி.

பெரியவன் பிரமாதம். இருட்டு முகத்திலும் கண்ணைத் தேடிக் கட்டம் கட்டிவிட்டான். கூலிங் கிளாஸ் மாட்டினேன், விடவில்லை. பக்கவாட்டில் திரும்பினேன், தெரிகிற ஒரு கண்ணைப் பிடித்துக்கொண்டான். நடுவுளவன் அரை விநாடி யோசித்துப் பிடித்தான். கடைக்குட்டி என்னை ஒரு மனிதனாகவே மதிக்கவில்லை. பின்னால் பளபளத்த அலைக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி அலைக்குப் போனான்.

குறைந்த வெளிச்சத்தில் ஃபோகஸ் ஆகும் என்று விளம்பரங்களில் மைனஸ் நாலு, மைனஸ் ஆறு என்று எண் போடுகிறார்களே, அதற்குக் கீழே பொடி எழுத்தில் எந்த லென்ஸ் மாட்டி அளந்தார்கள் என்று இருக்கும். வெளிச்சத்தை அள்ளுகிற விலை உயர்ந்த லென்ஸாக இருக்கும். நம் லென்ஸை மாட்டினால் எண் இறங்கிவிடும். பேலன்ஸ் ஷீட்டில் அடிக்குறிப்பை முதலில் படி என்று எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது இங்கேயும் உதவுகிறது.

அடுத்தது நடை. மச்சினன் ராஜா வீதியில் உட்கார்ந்துகொண்டான். நான் கோட்டைவாசலுக்கு வெளியிலிருந்து புறப்பட்டு, வாசல் நிழலுக்குள் நுழைந்து, வெயிலுக்கு வந்து, கேமரா மூக்கில் இடிக்கிற வரை நடக்க வேண்டும். ஒரு கேமராவுக்குப் பத்து நடை. மொத்தம் முப்பது! ஏழாவது நடையில், பால் கேனோடு சைக்கிளில் போன பெரியவர் இறங்கிவிட்டார்.

"என்ன தம்பி, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?"

"இல்லீங்க, சும்மா நடக்கறேன்."

"டாக்டர் சொன்னாரா?"

நடையில் ஒரு சூட்சுமம். தூரத்தில் வருகிறவனை எந்த கேமராவும் பிடித்துவிடுகிறது. கடைசி நாலு அடியில்தான் வண்டவாளம் தெரியும். எஃப் 1.8-ல் திறந்து வைத்தால், ஒன்றரை மீட்டரில் நிற்கிற ஆளுக்குத் தெளிவாகக் கிடைக்கிற ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். மூக்கிலிருந்து காது வரை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து சென்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு கேமரா என்னோடு பின்னாலேயே நடந்து வர வேண்டும். எஃப் 4-க்கு மூடினால் அது இருபதுக்கு மேல் ஆகிவிடும். கேமராவும் மூச்சு விட்டுக்கொள்ளும். 'பின்னாடி எல்லாம் ப்ளர் ஆகணும் அண்ணே' என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களாம். அதற்காக முழுசாகத் திறந்து வைத்து, கடைசியில் மாப்பிள்ளையே ப்ளர் ஆனால் யாரைக் கேட்பது?

மூச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. லென்ஸுக்கும் மூச்சு உண்டு! கிட்டத்திலிருந்து தூரத்துக்கு ஃபோகஸ் மாறும்போது சில லென்ஸ்களில் படம் முழுக்க லேசாகப் பெருத்துச் சிறுக்கும். ஃபோட்டோவில் தெரியாது, வீடியோவில் வயிற்றைக் கலக்கும். அப்புறம் மோட்டார் சத்தம். கடைக்குட்டிக்கு வந்த லென்ஸ் ஃபோகஸ் மாறும்போதெல்லாம் எலி பரண் மேல் சுரண்டுகிற மாதிரி ஒரு 'கிர்க்'. கேமரா மைக் அதைக் கவனமாகப் பதிவு செய்து வைத்திருந்தது. "பாடியும் லென்ஸும் புருஷன் பெண்டாட்டி மாதிரி அத்தான். தனித்தனியா நல்லவங்களா இருப்பாங்க. சேர்த்து வெச்சுத்தான் ஜாதகம் பார்க்கணும்" என்றான் மச்சினன். கல்யாண வீடியோக்காரன் வாயில் வேறெந்த உதாரணம் வரும்!

எட்டு மணிக்குக் கடற்கரையில் பையன்கள் சேர்ந்துவிட்டார்கள். 'சினிமாவா?' என்று ஒருவன் கேட்க, 'இல்லடா, சீரியல்' என்று இன்னொருவன் தீர்ப்பு வழங்க, ஐந்தாறு முகங்கள் என்னைச் சுற்றி. இது மச்சினனுக்குச் சௌகரியமாகப் போயிற்று. மணவறையில் எப்போதும் பத்து முகம் இருக்கும், கேமரா யாரைப் பிடிக்கிறது? சும்மா விட்டால் எது பெரிசாக, கிட்டத்தில் இருக்கிறதோ அதைத்தான் பிடிக்கிறது. ஸ்க்ரீனில் என் முகத்தை ஒருமுறை தொட்டுக் காட்டியதும் பெரியவனும் நடுவுளவனும் என்னையே பிடித்துக்கொண்டார்கள். நான் குனிந்து எழுந்தாலும், ஒரு பையன் குறுக்கே ஓடினாலும், திரும்ப என்னிடமே வந்தார்கள்.

திடீரென்று நடுவுளவன் என்னை அடியோடு கைவிட்டான். எவ்வளவு தொட்டாலும் என் முகம் அவனுக்கு முகமாகவே படவில்லை. அந்தப் பக்கம் போன ஒரு ஆட்டின் கண்ணில் போய்க் கச்சிதமாகக் கட்டம் கட்டினான். ஆடு நகர்ந்தது, கட்டமும் நகர்ந்தது. பையன்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

"கை பட்டு 'அனிமல்' மோடுக்குப் போயிருக்கு அத்தான்!"

மெனுவில் மனிதன் என்று மாற்றிய பிறகுதான் எனக்கு மறுபடி மனிதப் பிறவி கிடைத்தது.

இனிமேல்தான் முக்கியமான சமாசாரம். மச்சினன் பைக் பெட்டியைத் திறந்து ஒரு துணிப் பையை எடுத்தான். உள்ளே ஒரு படி அரிசி, மஞ்சள் கலந்து! என்னைக் கோட்டை மதிலோரம் நிற்க வைத்தான். பையன்களுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தான். "நான் ரெடின்னதும் அண்ணன் மேல போடணும். கேமராவுக்கும் அண்ணனுக்கும் நடுவுல விழணும்."

ஆடி மாசத்தில், கட்டிய பெண்டாட்டி ஊரில் இருக்க, கடற்கரையில் தன்னந்தனியாக அட்சதை வாங்கிக்கொண்ட முதல் ஆண்பிள்ளை நான்தான்.

முதலில் பெரியவன். அரிசி பறந்தது. என்ன ஆச்சரியம், காலையிலிருந்து முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தவன் சட்டென்று அரிசிக்குப் பாய்ந்துவிட்டான்! நடுவுளவனும் அப்படியே. கடைக்குட்டியைச் சொல்லவே வேண்டாம். மச்சினன் முகம் இருண்டு போயிற்று. மணலில் உட்கார்ந்து மெனுவைத் துழாவினான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வேகத்தை ஏத்தி வெச்சிருக்கேன்" என்றான்.

வீடியோ ஃபோகஸுக்கு இரண்டு குமிழ்கள் உண்டாம். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்று, ஃபோகஸ் எவ்வளவு வேகமாக நகர வேண்டும். மற்றது, குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு நேரம் கழித்து அதற்கு மாற வேண்டும். கடையில் நம்மை அசத்துவதற்கு இரண்டையும் உச்சத்தில் வைத்துக் காட்டுவார்கள். கையை நீட்டினால் கை, எடுத்தால் முகம், டக் டக் என்று! ஓட்டப்பந்தயத்துக்குச் சரி. மணவறைக்கு அது வினை. இரண்டாவதை மிகக் குறைந்த இடத்துக்கு இறக்கினான். மறுபடி அரிசி.

பெரியவன் அசையவில்லை. நடுவுளவனும் அசையவில்லை. மஞ்சள் அரிசி மங்கலான மழையாகக் குறுக்கே பொழிய, அதற்குப் பின்னால் என் முழி திருதிருவென்று தெளிவாக நின்றது. நாலு தடவை போட்டுப் பார்த்தோம். ஒரு படி அரிசியும் தீர்ந்தது. ஆடு வந்து மிச்சத்தைக் கணக்குத் தீர்த்தது.

"எவ்வளவு சீக்கிரம் பிடிக்குதுன்னு பார்த்துட்டிருந்தேன் அத்தான் இத்தனை நாளும். விடாம இருக்கான்னு பார்க்கணும்" என்றான் மச்சினன். அதைச் சொன்னபோது அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

மெஸ்ஸில் மீன் குழம்புச் சாப்பாடு. அதற்கு முன் மூன்று கேமராவையும் வெயிலில் ரெக்கார்டிங் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்து நிழலில் காவல் இருந்தோம். 4கே, விநாடிக்கு ஐம்பது ஃப்ரேம். முப்பத்திரண்டாவது நிமிஷத்தில் பெரியவன் தெர்மாமீட்டர் படம் ஒன்றைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினான். நடுவுளவன் ஒரு மணி நேரம் தாண்டியும் ஓடினான். ஏ.ஸி. இல்லாத மண்டபம், ஹோமப் புகை, மேலே நாலு ஃபோகஸ் லைட், ஒன்றரை மணி நேர முகூர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். பாதியில் கண் மூடுகிறவனுக்கு ரெண்டே கால் லட்சமா?

கடைக்குட்டி சொல்லிவைத்த மாதிரி 29 நிமிஷம் 59 விநாடியில் நின்றான். இது சூடு அல்ல, சுங்க வரி! அரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்தால் அது வீடியோ கேமரா என்று ஐரோப்பிய யூனியனில் அதிக வரி போட்டு வந்தார்கள். அந்த வரியைத் தவிர்க்கத்தான் கம்பெனிகள் ஒரு விநாடி முன்னதாகக் கடையைக் கட்டின. 2019ல் அந்த வரி போய்விட்டது. பழைய மாடல்களில் வழக்கம் மட்டும் மிச்சம். ஐரோப்பாவில் யாரோ போட்ட வரிக்கு, மயிலாடுதுறையில் மாங்கல்யதாரணம் பாதியில் நிற்கிறது! நம் ஊரில் டிஜிட்டல் கேமராவுக்கு இருந்த 28 சதவிகித ஜி.எஸ்.டி.யை 2019 ஜனவரியிலிருந்து 18 ஆக்கினார்கள். பி.காம். படித்ததற்கு நான் அன்று செய்த ஒரே தொண்டு மச்சினனுக்கு இதை விளக்கியதுதான். அவன் மீன் முள்ளில் கவனமாக இருந்தான்.

சாயந்திரம் மயிலாடுதுறை. எடுத்ததையெல்லாம் பெரிய டி.வி.யில் போட்டுப் பார்க்க உட்கார்ந்தோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். கேமராவின் மூன்று அங்குல ஸ்க்ரீனில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். அங்கே ஏமாந்தவன் டி.வி.யில்தான் அழுவான். நடையில் கடைசி நாலு அடி வரை கூட வந்தது பெரியவன் பத்துக்குப் பத்து, நடுவுளவன் பத்துக்கு எட்டு, கடைக்குட்டி மூன்று. கோட்டை மதிலைச் சுற்றிக் கேமராவை வேகமாகத் திருப்பியதில், கடைக்குட்டி படத்தில் மதில் பைசா நகரத்துக் கோபுரமாகச் சாய்ந்திருந்தது. சென்ஸார் வரி வரியாக மெதுவாகப் படிப்பதால் வருகிற கோணல். மண்டபத் தூண்களுக்கும் இதே கதிதான். வீட்டு ட்யூப்லைட்டில் எடுத்ததில் பட்டை பட்டையாக ஓடியதை மட்டும் மச்சினனே சரி செய்தான். நம் ஊர் கரண்ட் ஐம்பது ஹெர்ட்ஸ், ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு வைத்தால் ஓட்டம் நின்றுவிடும்.

அடுத்த ஃபைலைத் தேடும்போது கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. பெயர் 'தப்பு'.

"இது என்னடா?"

"ஒண்ணுமில்லை அத்தான்... நான் சொதப்பினதையெல்லாம் போட்டு வெச்சிருக்கேன்."

நான்தான் திறந்தேன். முதல் ஃபைலே தங்கை கல்யாணம். பதினோரு விநாடி. சிரிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். கெட்டிமேளம். அரிசி. அரிசிக்குப் பின்னால் மங்கலாக ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண். பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் மங்கலாக ஒரு வெள்ளை வேஷ்டி. அந்த உருவம் தோளில் கிடந்த துண்டின் நுனியை இடது கையால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது.

அப்பா.

மூன்று வருஷமாக அந்த வீடியோவில் நான் அரிசியை மட்டும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கல்யாண வீடியோ முழுக்க அப்பா இருக்கிறார். பந்தி விசாரிக்கிறார், சமையல்காரரை அதட்டுகிறார், யாரோ ஒரு பெரியப்பாவைக் கட்டிக்கொள்கிறார். எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. அவர் அழுதது மட்டும் இந்தப் பதினோரு விநாடியில்தான். நான் அவர் அழுது பார்த்ததே கிடையாது. போன வருஷம் ஐப்பசியில் அவர் போய்விட்டார்.

"மாமா போன அன்னிக்கு ராத்திரி எடுத்துப் பார்த்தேன்" என்றான் மச்சினன், டி.வி.யைப் பார்த்துக்கொண்டே. "எத்தனையோ சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்துட்டேன். ஃபோகஸ் போனது போனதுதான் அத்தான், திரும்ப வராது. லென்ஸ் பக்கத்துல ஏ.எஃப்., எம்.எஃப்.னு ஒரு ஸ்விட்ச் இருக்கு பாருங்க... அன்னிக்குத் தாலி எடுத்ததும் அதைக் கீழ தள்ளியிருந்தாப் போதும். முகத்துல இருந்த ஃபோகஸ் அங்கேயே நின்னிருக்கும். ஒரு ஸ்விட்ச்!"

மாமியார் காப்பி கொண்டு வந்து வைத்தார். இரண்டு பேரும் ரொம்பச் சூடு என்கிற மாதிரி ஊதிக்கொண்டே இருந்தோம்.

கேமரா முடிவாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நடுவுளவன். பெரியவனின் பத்துக்குப் பத்து எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால், பாக்கி அறுபதாயிரத்துக்கு நல்ல லென்ஸ் ஒன்று வாங்கலாம், இரண்டு பாட்டரி வாங்கலாம், கடனும் ரெண்டு லட்சத்தைத் தாண்டாது. ஜாமீன்காரனுக்கும் ராத்திரி தூக்கம் வரும். மச்சினன் அதில் ஒரு பட்டனை ஃபோகஸைப் பூட்டுவதற்கென்று ஒதுக்கிக்கொண்டான். கட்டைவிரல் தன்னால் போய் விழுகிற இடம். கெட்டிமேளம் என்றதும் அமுக்குவதற்கு.

ஆடிக் கடைசி ஞாயிறு, புதுப் பெட்டியோடு கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. "அத்தை எங்கே?" என்றான்.

அம்மா கொல்லைப்புறத் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை எதுக்குப்பா எடுக்கிறே? நான் என்ன கல்யாணப் பொண்ணா? இரு, புடவையாவது மாத்திண்டு வரேன்."

"வேண்டாம் அத்தை. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அம்மா ஒரு முறை என்னைப் பார்த்தாள், ஒரு முறை கேமராவைப் பார்த்தாள். அப்புறம் முறத்தைத் தூக்கிப் புடைத்தாள். அரிசி எம்பியது. உமி பறந்தது. நான் மச்சினன் தோளுக்குப் பின்னால் நின்று ஸ்க்ரீனைப் பார்த்தேன். அரிசி மேலே போய்க் கீழே வந்தது. அந்தச் சின்னக் கட்டம் அம்மாவின் இடது கண்ணில் இருந்தது. மறுபடி அரிசி. கட்டம் அங்கேயே இருந்தது. மச்சினனின் கட்டைவிரல் பட்டன் மேல் தயாராக இருந்தது. அமுக்கவில்லை.

"ஆச்சாடா?" என்றாள் அம்மா. "உலை கொதிக்கிறது!"